இருநூற்றுப் பன்னிரண்டாவது சீவல்

பிசினுக்குள் இறுகிக் கிடக்கிறது
தெலுக் பாஹாங் கடலில் மொண்ட ஒரு பாசி.
ஒற்றை உயிரணு.
ஆஸ்மியம் குடித்துக் கறுத்திருக்கிறது.
ஒரு தலைமயிரை ஆயிரத்து அறுநூறாகப் பிளந்தால்
எவ்வளவோ
அவ்வளவு சீவுகிறது வைரக்கத்தி.
எலக்ட்ரான்கள் ஒருமுறை வருடிப் போகின்றன.
திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தளம்.
மறுபடியும் கத்தி.

சீவியது தூசாகிவிடும்.
எடுத்து வைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்பதெல்லாம் இல்லை.
பார்த்தால் உண்டு.
இந்தக் கருவியிடம் நான் முதலில் பயந்தது
இதற்காகத்தான்.

அறை பதினெட்டு டிகிரி.
வெளியே கெலுகோர் வெந்துகொண்டிருக்க
உள்ளே நான் கம்பளிச் சட்டையில்,
மவுஸ் பிடித்த விரல் விறைத்துப்போய்,
ஐந்து வாரமாக வண்ணம் தீட்டுகிறேன்.
உட்கருவுக்கு நீலம்.
பசுங்கணிகத்துக்கு, வேறென்ன, பச்சை.
மைட்டோகாண்ட்ரியாவுக்கு
ரொஹானா தேர்ந்து கொடுத்தாள்
சிராப் பண்டோங் ரோஜா நிறம்.

ஐம்பதாம் தளத்தில் பதினான்கு ரோஜாப் புள்ளிகள்.
நூறில் ஒன்பது.
நூற்று முப்பதில் இரண்டு நெருங்கி
இடுப்பு ஒட்டி ஒன்றாயின.
கொஞ்சம் தள்ளி ஒன்று மூன்றாகப் பிரிந்தது.
படிவம் நான்கில் நான் வரைந்து
முழு மதிப்பெண் வாங்கிய அவரை விதைகள்
எங்கேயும் காணோம்.
அடுக்கி, சுழற்றிப் பார்த்தால்
மண்ணுக்குள் விரல் விரலாகக் கிளைத்த
ஒரு துண்டு இஞ்சி.

"எல்லாம் ஒன்றேதான்" என்கிறார் டாக்டர் லிம்.
செப்டம்பரில் கோலாலம்பூரில் மாநாடு.
சுவரொட்டிக்குத் தலைப்பே வைத்தாயிற்று.
ஒன்று.

ஆனால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு.

அன்று வெள்ளிக்கிழமை, கொடிமலை மேல் இடி.
மின்சாரம் கண்சிமிட்டும் நேரம்தான் போய் வந்தது.
விழித்த கருவி
கட்டியின் முகத்தைத் தேடிக் கத்தியை இறக்கியது,
தூக்கத்திலிருந்து எழுந்தவன் படி தேடுவதுபோல.
தொட்டபோது கொஞ்சம் ஆழமாகவே தொட்டது.
போனது ஒரு சீவல் என்கிறது பதிவு.
நான்காக இருக்கலாம். ஆறாகவும்.

இருநூற்றுப் பதினொன்றில்
இடப்பக்க இஞ்சியும் வலப்பக்க இஞ்சியும்
ஒன்றை நோக்கி ஒன்று விரல் நீட்டியிருக்கின்றன.
இருநூற்றுப் பதின்மூன்றில்
விரலை மடக்கிக்கொண்டுவிட்டன.
நடுவே தொட்டனவா?
வேறு எந்தத் தளத்திலும் அவை சந்திக்கவில்லை.
நான் முன்னூற்று அறுபதையும் இரண்டு முறை பார்த்தேன்.

மென்பொருளில் ஒரு பொத்தான்: இடைநிரப்பு.
அழுத்தினேன்.
ரோஜா நிறம் பாய்ந்து, வழவழவென்று ஒரு பாலம்.
அழகாகத்தான் இருந்தது.
தே ஓ ஐஸ் உருகும்வரை அதையே பார்த்திருந்துவிட்டு
அழித்தேன்.

"லோஷினி, இயற்கைக்கு இடைவெளி பிடிக்காது லா."
"இந்த இடைவெளி இயற்கை போட்டதில்லை டாக்டர்,
மின்வாரியம் போட்டது."

அவர் சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
இரண்டு தளங்களையும் மாற்றி மாற்றித் தட்டினார்,
பதினொன்று, பதின்மூன்று, பதினொன்று, பதின்மூன்று.
விரல்கள் நீண்டன, மடங்கின.
ஏழு மணிக்கு, வேண்டாத பல்லைத் தானே பிடுங்குபவர்போல,
தலைப்பில் சேர்த்தார்:
ஒன்று, அல்லது இரண்டு.

அந்த இடத்தைச் சாம்பலாகவே விட்டிருக்கிறேன்.
சுழற்றினால் ரோஜா நடுவில்
நகம் கடித்த அளவு ஒரு வெறுமை தெரியும்.
யாராவது கேட்பார்கள்.
கேட்டால் இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாளை புதுக் கட்டி, அதே கடல், வேறொரு பாசி.
மின்கல அடுக்கு கேட்டு மூன்றாவது மனு
ரொஹானா மேசையில் கிடக்கிறது.
கொடிமலை மேல் மேகம் இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துவிட்டுக்
கதவைச் சாத்துகிறேன்.