ஏகமனதாக

கூட்டம் மாலை ஆறு மணிக்கு.
இடம்: நிலவறையில் சைக்கிள்கள் நிற்கும் அறை.
வந்தவர்கள் ஐந்து பேர்.
இவ்வளவும் குறிப்பேட்டில் இருக்கிறது.
இனி வருவது அதில் இல்லை.

தார்த்து நகரத்துப் பிப்ரவரியில்
ஆறு மணி நள்ளிரவுக்குத் தம்பி.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தோம்.
இடம் ஒதுக்கியது யாருமில்லை, ஆனாலும்
ஹெல்தூரின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.
அவர் தலைவர் அல்ல.
முதலில் இருமுபவர், அவ்வளவுதான்.
இருமிவிட்டு அவர் யாரைப் பார்க்கிறாரோ
அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது என்று பொருள்.

மாரெத் தன் கருத்தை
ஊர்மாஸின் முகத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.
ஊர்மாஸ் நல்லவன்.
வாக்கியத்தின் நடுவே யாராவது திணறினால் பொறுக்கமாட்டான்;
சொல் எடுத்துக் கொடுப்பான்,
பேருந்தில் ஏறுகிறவருக்குக் கை கொடுப்பதுபோல.
நான் எழுதுபவள்.
எழுதுபவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.
அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஸினயீதா தரைத்தளத்து வீடு.
முப்பது வருடமாய் எங்கள் மொழியில்
ரொட்டி வாங்குகிறாள், வணக்கம் சொல்கிறாள்.
கூட்டத்தில் பேசியதில்லை.
அன்று கை தூக்கினாள், பள்ளிப் பிள்ளை மாதிரி.
“சுவருக்குள்ளே,” என்றாள். “ராத்திரி. தண்ணீர்…”
வினைச்சொல் வரவில்லை.
விரல்களைக் குவித்துக் கீழ்நோக்கி
ஒவ்வொன்றாய் விடுவித்துக் காட்டினாள்.

ஊர்மாஸ் கை கொடுத்தான்: “ஓதமா?”

அவள் அவனைப் பார்த்தாள்.
இல்லை என்று சொன்னால் இன்னொரு வாக்கியம் வேண்டும்.
அதற்கும் ஒரு வினைச்சொல் வேண்டும்.
“ஆமாம்,” என்றாள். “ஓதம்.”

ஓதத்துக்கு மருந்து எல்லோருக்கும் தெரியும்.
ஹெல்தூர் இருமினார். எண்ணெய்ப் பெயின்ட், என்றார்,
தரையிலிருந்து ஐந்தாம் தளம்வரை, மாடிப்படி முழுக்க.
நிறம்?
பச்சை, என்றது ஒரு குரல்.
யாருடையது என்று குறித்துக்கொள்ளவில்லை.
பச்சை, பச்சை என்று தலைகள் ஆடின.
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.
அந்தச் சொல்லை எழுதும்போது மட்டும்
என் பேனா ஒருநாளும் தடுக்கியதில்லை.

பெயின்ட் காய்ந்த ஒன்பதாம் நாள்
அதிகாலை நாலு மணிக்குக் குழாய் வெடித்தது.

நிலவறையில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை.
யாரும் இருமவில்லை.
ஸினயீதா இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாய்
ருஷ்ய மொழியில் கத்தினாள்:
வால்வு எங்கே, வாளி எங்கே, நீ அங்கே நில், நீ இங்கே.
எல்லாம் புரிந்தது.
மாரெத் யார் முகத்தையும் பார்க்கவில்லை; இருட்டு.
ஹெல்தூர் வாளி வாங்கி வாளி கொடுத்தார்,
வரிசையின் நடுவில், வரிசையில் ஒருவராக.
குறிப்பேடு மேலே என் வீட்டு இழுப்பறையில்
உலர்ந்து கிடந்தது.

அந்த இரவு எங்களை மாற்றிவிட்டது என்று எழுத ஆசைதான்.
அடுத்த கூட்டத்தில் அதே நாற்காலிகள்.
அதே இருமல்.
காப்பீடு, செலவு, யார் வீட்டுத் தரை எவ்வளவு பாழ்.
ஸினயீதா கை தூக்கினாள்.
“மாடிப்படி… பெயின்ட்…”
நின்றுவிட்டாள்.
ஊர்மாஸின் வாய் திறந்தது.
பிறகு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே
அதை மூடினான்.

பதினோரு நொடி. எண்ணினேன்.
எங்களில் யாருக்காகவும்
அத்தனை நேரம் யாரும் காத்திருந்ததில்லை.

“அசிங்கம்,” என்றாள். “இந்தப் பச்சை. ஆஸ்பத்திரி.”

மாரெத்துதான் முதலில் சிரித்தாள்,
யாரையும் பார்க்காமல்.
அப்புறம் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது.
ஹெல்தூருக்கு மஞ்சள் வேண்டியிருந்தது.
மாரெத்துக்குப் பெயின்டே வேண்டாம்.
ஊர்மாஸ், எல்லோரும் பச்சை கேட்கிறார்கள் என்று
எல்லோருக்காகவும் சம்மதித்தானாம்.
யார்தான் சொன்னது, என்று கேட்டார் ஹெல்தூர்,
என்னைத் தவிர எல்லோரையும் பார்த்து.

என் குரல்தான். அப்போதுதான் நினைவு வந்தது.
நிறம் என்ற சொல்லுக்கு எதிரே
கட்டம் காலியாக இருந்தது,
நேரமும் ஆகிவிட்டிருந்தது.

பேனாவைத் திறந்து எழுதினேன்:
பச்சை குறித்து விவாதிக்கப்பட்டது.