ஒன்பது அடி

நான்காம் குறுக்குத் தெருவில்
பருப்பு மூட்டை தூக்கும்போது இறங்கிய குடல்
திரும்பி ஏறவில்லை.
கறுத்துப்போன துண்டைப்
பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள்.
ஒன்பது அடி, என்றார் டொக்டர்.
மூன்று யார், என்றது என் வாய், தானாக.
ஒரு பாவாடைத் துணி.

இருபதில் ஒன்பது போனால்
தின்பதில் பாதி வீண்தானே?
மிஸ்ஸி சமன்மலீக்கு அரைத் தமிழ்.
கட்டிலில் தொங்கிய துவாயை இழுத்து
அதன் நூல்வளையங்களை விரலால் நிமிர்த்திக் காட்டினாள்.
உள்ளுக்கு இப்பிடித்தான் அக்கா.
பட்டு இல்லை. துவாய்.

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
இருபத்தாறு அங்குல இடுப்பில்
மூன்று யாரைச் சுருக்கி அடக்குகிறவள் நான்.
மடிப்பு, மடிப்பின்மேல் விரல்,
விரலின்மேல் கண்ணுக்குத் தெரியாத மயிர்.
குழாய் சின்னது, கரை பெரியது.

பாணின் இனிப்பும் பருப்பின் சத்தும்
அந்த விரல்களில் இரத்தத்துக்குள் இறங்கி
முதலில் ஈரலுக்குப் போகுமாம்,
ஹாபரில் இறங்கியது சுங்கத்துக்குப் போவதுபோல.
தேங்காய்ப்பாலின் கொழுப்பு அந்த வாசலால் போகாது.
வெள்ளை ஓடையொன்றில் மெல்ல மேலேறி
நெஞ்சைக் கடந்து
இடது தோளடியில் வந்து இரத்தத்தில் கலக்குமாம்.

இடது தோளா?

இருபத்திரண்டு வருசம் நாட்டாமி வேலை.
மூட்டை ஏறி ஏறிக் காய்த்த தோள் அது.
தொட்டுப் பார்த்தேன்.
ஸ்டனிஸ்லாஸ் நித்திரை.

மிச்சப் பதினொரு அடியில்
விரல்கள் கொஞ்சம் உயரலாம் என்றாள் மிஸ்ஸி,
மாதக்கணக்கில், அவசரப்படாமல்.
அந்தச் சுவரின் தோலும்
நாலைந்து நாளில் உதிர்ந்து புதிதாகிறதாம்.
இன்றைக்குக் கஞ்சித்தண்ணியை
எது கைநீட்டி வாங்குகிறதோ
ஞாயிற்றுக்கிழமை அது இருக்காது.

எழும்பினார். முதல் கரண்டி.
தொண்டை ஏறி இறங்கியது.
பிறகு பார்க்க ஒன்றுமில்லை.
பார்த்துக்கொண்டே இருந்தேன், மணி அடிக்கும்வரை.

கொட்டாஞ்சேனையில் மெஷினுக்கு முன்னால்
முதல் நன்மைக்கு ஒரு வெள்ளைக் கவுன்.
துணி விலையைச் சொல்லிச்
சுருக்கைக் குறைக்கச் சொல்லியிருந்தாள் தாய்.
குறைக்க மனம் வரவில்லை.
இன்னும் நெருக்கினேன்,
என்னிடமிருந்த துணியையும் சேர்த்து.

பன்னிரண்டு மணிபோல வயிறு இரைந்தது.
காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.