பன்னிரண்டு நிமிடம்

ஆம்புலன்ஸ் வரவே இல்லை என்று
பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தவறு. வந்திருக்கிறது.
பன்னிரண்டே நிமிடத்தில்.

கடிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது:
அழைப்பு 2.14. வண்டி சேர்ந்தது 2.26.
இலக்கு பதினைந்து நிமிடம். எட்டப்பட்டது.
நோயாளி இடத்தில் இல்லை.
கோப்பு முடிக்கப்பட்டது.

நோயாளி இடத்தில்தான் இருந்தார்.
குளியலறைக் கதவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.
பூபாலன் மூட்லி, ஐம்பத்து மூன்று,
கார் ஆலையில் பெயின்ட் அடிப்பவர்.
எத்தனை சோப்பு போட்டாலும்
நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளை இருக்கும்.
அன்றும் இருந்தது.

போனில் சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.
சாட்ஸ்வொர்த். யூனிட் ஏழு. ரோடு எழுநூற்று ஆறு.
வீட்டு எண் நாற்பத்தெட்டு.
பக்கத்தில் என்ன அடையாளம் என்றாள்.
மாரியம்மன் கோயில் என்றேன்.
ஸ்பெல்லிங் கேட்டாள்.
எம், ஏ, ஆர் என்று தொடங்கினேன்.
அதற்குள் அவர் மூச்சு வேறு சத்தத்துக்குப் போயிருந்தது,
தண்ணீர் நின்றுபோன குழாயில்
வெறும் காற்று வருமே, அது.
"வண்டி கிளம்பிவிட்டது, போனை வைக்கலாம்" என்றாள்.
வைத்தேன்.
சொன்னால் கேட்கிறவள் நான்.

இரண்டாம் முறை வேறு குரல்.
முதலிலிருந்து சொல்லுங்கள் என்றது.
மூன்றாம் முறை இசை.
கடைசியில் எதிர்வீட்டு சாக்ரன்தான்
விடிகாலை விநியோகத்துக்கு அடுக்கிய ரொட்டித் தட்டுகளை
ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு
தன் பக்கியில் அவரை ஏற்றினான்.
மருத்துவமனையில் ஒரு டாக்டர் மணியைப் பார்த்து
ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.
என்னைத்தான் கேட்டார்.

பிறகு கவுன்டர்கள்.
ஒலிப்பதிவை ஒன்பதாம் நாளே எழுதிக் கேட்டேன்.
தொண்ணூறு நாள்தான் வைத்திருப்பார்களாம்.
பதில் தொண்ணூற்று நான்காம் நாள் வந்தது.
போன் எடுத்தவள் ஒப்பந்த ஊழியர், எங்கள் ஆள் இல்லை,
என்றது பீட்டர்மரிட்ஸ்பர்க்.
அவள் தட்டிய திரை எங்களுடையது இல்லை,
என்றது ஒப்பந்தக்காரரின் ஆபீஸ்.
திரை யாருடையது என்று கேட்டேன்.
மதிய இடைவேளை.

போன வாரம் வந்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்
பொடி எழுத்தில் வண்டி போன விலாசம்:
ரோடு அறுநூற்று ஏழு, எண் நாற்பத்தெட்டு.
யூனிட் என்ற கட்டம் காலி.
அடையாளம் என்ற கட்டத்தில் மூன்றே எழுத்து:
எம், ஏ, ஆர்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன்.
ஜபுலிலே என்று ஒருத்தி கேட்டைத் திறந்தாள்,
இடுப்பில் குழந்தை.
ஆமாம், வந்தார்களே, என்றாள்.
காய்ச்சல் பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்தது.
சைரனில் எழுந்துவிட்டது. நன்றாகத் திட்டிவிட்டேன்.
யார் வீட்டுக்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை.
மூத்தவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு
இதோ இந்தச் சுவரோரம் நின்றான்,
கன்ட்ரோல் ரூமைக் கேட்கிறேன் என்று.
நான்கு நிமிடம், ஐந்து நிமிடம்.
ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான்.
வெறும் பாட்டு.

அவள் டீ போடட்டுமா என்றாள்.
எதற்காக வந்தேன் என்பதை
அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை.
சொல்லவும் இல்லை.
எந்தப் பக்கம் திரும்பிப் போனார்கள் என்று மட்டும் கேட்டேன்.
குழந்தையின் கையைப் பிடித்து அதாலேயே காட்டினாள்.

அதற்கு எதிர்ப்பக்கம் மேட்டில் ஏறினால்
எங்கள் கோயில் கோபுரம் தெரிகிறது.
டாக்சி பிடிக்காமல் நடந்தே வந்தேன்,
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

பத்தொன்பது நிமிடம்.
எனக்கு முழங்கால் சரியில்லை.