புள்ளிக் கொப்பி

முதல் பக்கத்தில் மழை.
ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வவுனியா அணியோடு,
இரண்டாம் கால்வாசியில் நிறுத்தியது.
பதினாலுக்குப் பதினொன்று, நாங்கள் முன்னுக்கு.
அந்த ஆட்டம் பிறகு நடக்கவேயில்லை.
நான் அதை வெட்டவுமில்லை.

எனக்கு முழங்கால் சவ்வு கிழிந்தது, ஆகவே மேசை.
விழுந்த பந்துக்கு நீலப் பேனை,
தவறுக்குச் சிவப்பு.
பன்னிரண்டு பெயருக்குக் கோடு போட்ட கொப்பியில்
எங்களுக்கு ஒன்பது.

திடல் கிளிநொச்சியில்,
தொழில்நுட்பக் கல்லூரியின் பின்மதிலோரம்.
தெற்கு வளையம் ஒரு விரற்கடை பதிவு.
வெளியாருக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.
அவர்கள் கண்டுபிடிப்பதற்குள்
யூட் றெஜினோல்ட் எட்டுப் புள்ளி சேர்த்துவிடுவான்.
வலை அவன் மாமா முல்லைத்தீவிலிருந்து கொடுத்துவிட்டது.
சூடை பிடிக்கிற கண்.
பந்து அதற்குள் ஒரு கணம் தங்கி,
யோசித்து,
இறங்கும்.

பிறேமினி மிஸ் எங்கள் பயிற்றுநர். மின்னியல் பகுதி.
பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவர்.
பதற்றம் வந்தால் பழக்கதோசம்,
"பந்தோட ஓடாதை!" என்று கத்துவார்.
துவாரகன் ஒருமுறை நின்றேவிட்டான்,
நின்ற இடத்திலிருந்து எறிந்தான்,
மூன்று புள்ளி.
மிஸ் அன்று முழுக்கச் சிரித்தார்.

மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்தார்கள்.
திடலில் கணுக்கால் மூடத் தண்ணீர்.
தவரூபன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
"இண்டைக்கு நீந்துவம்" என்றான்.
மூன்று கிழமை பந்து தரையில் படவில்லை.
மன்னாரில் இருபத்தெட்டுப் புள்ளியால் தோற்றோம்.
அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு:
கால் போகவேண்டிய இடத்துக்கெல்லாம்
கை போயிருக்கிறது.

தையில் திருகோணமலை.
தருமபுரத்து அண்ணன் தம்பி இருவரும் வரவில்லை.
வெட்டு மெசின் அவர்கள் வயலுக்கு
அன்றைக்குத்தான் முறை.
ஒருவனுக்குச் சோதனை, ஒருவனுக்குக் காய்ச்சல்.
ஐந்து பேர், மாற்ற ஆளில்லை.
அறுபத்தொன்றுக்கு அறுபது, எங்களுக்கு ஒன்று கூட.
இரண்டு நிமிடம் இருக்க
தவரூபன் உயர எழும்பித் தட்டினான். விசில்.

நடுவர் என் பக்கம் திரும்பினார்.
அருகில் இருந்த அவர்களின் பெடியன்
போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அரங்கு முழுவதிலும்
அது ஐந்தாவது என்று தெரிந்தவன் நான் மட்டும்.
நாலு விரலோடு கை பாதியில் நின்றது.
தவரூபன் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது.
பெருவிரலையும் விரித்தேன்.

நாலு பேரோடு முடித்தோம்.
ஒரு புள்ளியால் தோல்வி.

வானில் எனக்குப் பக்கத்து இருக்கை
மதவாச்சி தாண்டியும் வெறுமையாக வந்தது.
மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள்.
நான் இறங்கவில்லை.
யன்னலுக்குள்ளால் ஒரு கை வந்தது,
கையில் பாதி கடித்த ரோல்ஸ்.
"மீன்தான்," என்றான் தவரூபன்,
"நாலாவது பவுல் பொய், அதையும் எழுதினியா?"
எழுதினேன் என்றேன்.
"விசரா" என்றுவிட்டுப் பக்கத்தில் இருந்தான்.
பரந்தன்காரனையும் சேர்த்து எல்லோரையும்
கிளிநொச்சியில் இறக்கும்வரை
வேறு பேச்சில்லை.

மாசியோடு முடிந்தது.
மூன்று வெற்றி, ஏழு தோல்வி, ஒரு மழை.
சட்டைகளைத் தோய்த்து எண்ணியபோது
எட்டாம் இலக்கம் இல்லை.
தம்பிக்காரனிடம் கேட்டால் தலையைச் சொறிந்தான்.

பங்குனியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.
கச்சான் தோட்டத்து நடுவில் வெருளி,
முதுகில் எட்டு,
கீழே எங்களுக்குச் சட்டை தந்த சிமெந்துக் கடையின் பெயர்.
மயிலுக்கு எதிரே
கையிரண்டையும் விரித்தபடி,
மிஸ் எத்தனை மாதம் சொல்லித் தந்தும்
எங்களில் ஒருவனுக்கும் வராத அந்த நிலையில்
அசையாமல் நின்றது.

மயில் சுற்றிக்கொண்டு போய்க் கொத்தியது.
சிவப்பில் எழுத
ஒன்றும் இல்லை.