ஒன்பதாவது நாற்காலி

பியூட் நகரத்தில் பிப்ரவரி.
விட்ட மூச்சு கழுத்துத் துணியிலேயே உறைந்து நிற்கிறது.
கையால் செய்த போக்கர் மேசைகள் மூன்று.
என் கையில் ஒரு தாள், அதில் இரண்டே கட்டம்:
பார்வைக்குப் பத்து, பயனுக்குப் பத்து.
ரீனோ சூதாட்ட விடுதியில் பத்தொன்பது வருஷம்
சீட்டுப் போட்டுத் தேய்ந்த மணிக்கட்டு இது.
அந்தத் தகுதியில்தான் என்னை நடுவராக்கினார்கள்.
மற்றபடி உளிக்கும் இழைப்புளிக்கும்
எனக்கு வித்தியாசம் தெரியாது.

முதல் மேசை மண்டபத்துக்கு வரவில்லை.
நாங்கள்தான் அதனிடம் போனோம்.
எல்வுட் ட்ரெகார்த்தன்
தன் வீட்டு நிலவறையில் பதினான்கு மாதம் இழைத்தது.
வால்நட் பலகை, மழைக்கு முந்தைய ஆற்றுத் தண்ணீர் நிறம்.
விளிம்பைச் சுற்றி மேப்பிள் மரக் கீற்று ஒன்று,
நகத்தால் தேடினாலும் இணைப்பு அகப்படவில்லை.
நடுவில் வெள்ளிக் கம்பியில்
இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர்.
பார்வைக்குப் பத்து. பேனா தானாகவே எழுதியது.

"படி வழியாக இதை எப்படி மேலே ஏற்றுவீர்கள்?"
எல்வுட் கூரையைப் பார்த்தார்.
அவர் மனைவி வின்னிஃப்ரெட் எல்வுட்டைப் பார்த்தாள்.
அந்த வீட்டுக்கு அது புதிய கேள்வி இல்லை.

உட்கார்ந்தேன். நடுத்தூண் முழங்காலைப் பதம் பார்த்தது.
சீட்டை வீசினேன்.
மெழுகு போட்ட மரத்தில் அது நிற்கத் தெரியாமல் ஓடி
ஆறாவது ஆளின் மடியில்
முகம் மலர்ந்து விழுந்தது.
மேசையிலேயே நின்ற சீட்டுகளோ
நகத்துக்கு வரவில்லை, பலகையோடு ஒட்டிக் கிடந்தன.
கோப்பைக் குழி கோப்பைக்கு அளவு.
காதுக்கு இடம் விட மறந்திருந்தார்.
பயனுக்கு மூன்று.

இரண்டாவது, சில்வி கெட்டோலாவுடையது.
அறுகோணம், சிவப்புத் துணி,
கை வைக்கும் விளிம்புக்கு அடியில் வரிசையாய்க் குட்டி விளக்குகள்.
கல்யாண வீடு மாதிரி இருந்தது.
எதிரே இருந்தவரின் மூக்குக் கண்ணாடியில்
அவருடைய இரண்டு சீட்டும் எனக்குத் தெளிவாய்த் தெரிந்தன.
மூன்று ஆட்டம் ஜெயித்தேன்.
அதன் பிறகுதான் குறையைச் சொன்னேன்.
ஏழு, ஐந்து.

மூன்றாவதை மேசை என்று சொல்ல
லாசர் பெட்ரினோவிச்சே கொஞ்சம் கூச்சப்பட்டார்.
இடித்த ஹோட்டலின் இரண்டு கதவுகள்.
சாவித் துவாரத்தில் மக்குப் பூச்சு,
கீல் இருந்த தழும்புகள் அப்படியே.
விளிம்புக்கு மெத்தை, பழைய வேன் இருக்கையிலிருந்து.
துணி, வேகவைத்த ஈரல் நிறம்.
பார்வைக்கு மூன்று. அதுவும் இரக்கப்பட்டு.

வீசிய சீட்டு
சொன்ன இடத்தில் போய் நின்றது.
ஓரத்தைத் தொட்டதும் விரலுக்கு எழும்பி வந்தது.
கால்கள் மூலைகளில், என் காலுக்கு வழி விட்டு.
கேட்காமலே லாசர் தன் காப்பியைக் கவிழ்த்தார்,
துணியை உரித்தார், வாளியில் போட்டார்,
இன்னொன்றை விரித்தார். நாற்பது வினாடி.

நான் எப்போதும் ஒன்பதாவது நாற்காலியில்தான் சோதிப்பேன்.
சீட்டுப் போடுபவரின் முழங்கை விலாவில் இடிக்கும் இடம்,
எந்த மேசையிலும் சபிக்கப்பட்ட இடம்.
இங்கே விளிம்பில் ஒரு கையகலத்துக்கு
வெட்டி எடுத்திருந்தது.
"யாருக்கு இது?"
"தாமதமாக வருகிறவருக்கு.
யாராவது ஒருவர் தாமதமாகத்தானே வருவார்."
பயனுக்குப் பத்து.

பதின்மூன்றும் பதின்மூன்றும்.
தாளில் மூன்றாவது கட்டம் இல்லை.
செய்தவர்களே ஒரு ஆட்டம் ஆடித் தீர்க்கட்டும் என்றார்கள்.
எந்த மேசையில் என்று யாரும் கேட்கவில்லை,
ஒன்றுதான் வெளியே வரக்கூடியது.

மற்ற நாற்காலிகளை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.
வாசல் பனியை வாரிவிட்டு எல்வுட் வந்தபோது
காலியாக இருந்தது ஒன்பதாவது மட்டும்.
உட்கார்ந்தார். முழங்கை வெட்டில் போய் அமர்ந்தது.
அதை அவர் கவனித்ததை நான் கவனித்தேன்.
விளிம்புக்கு அடியில் விரலை விட்டு
ஒருமுறை முழுக்கத் தடவினார்,
குதிரை வாங்குகிறவர் பல்லைப் பார்க்கிற மாதிரி.
பிறகு ஒன்பது ஜோடியை வைத்து லாசரை ஜெயித்தார்.

பரிசு ரிப்பன் வால்நட்டுக்கு.
அது இன்னும் நிலவறையில்தான் இருக்கிறது,
வின்னிஃப்ரெட் அதன்மேல் துணி மடிக்கிறாளாம்.
வெள்ளிக்கிழமைகளில் எல்வுட்
லாசர் வீட்டுக்குத்தான் போகிறார், வேண்டுமென்றே தாமதமாக.
நானும் போகிறேன்.
போன வாரம் பதினோரு டாலர் போயிற்று.