நாச்சிமுத்து மற்றும் பிறர்

பதவி உயர்வுப் படிவம், ஏழாம் பக்கம்.
கட்டம் பதினெட்டு: மொத்த மேற்கோள்கள்,
எண்ணால், எழுத்தால்.
எழுத்தால் எதுக்குங்க என்றேன்.
"செக்கு மாதிரிதானுங் மேடம்,
பின்னால யாரும் ஒரு சைபர் சேத்தீரக் கூடாதுல்லங்"
என்றார் பொன்னுரங்கம்,
தேங்காய் பன்னைப் பிட்டு டீயில் நனைத்தபடி.

பதினாறு வருஷம், இருபத்து மூன்று கட்டுரை.
தேடினால் நான் மூன்று பேராக வருகிறேன்.
பாக்கியத்துக்கு நடுவில் ஜி போட்டவளுக்கு
ஒன்பது மேற்கோள்.
இரண்டு கே போட்டவளுக்கு முப்பத்தொன்று,
அதில் பன்னிரண்டு
நானே என்னைச் சொல்லிக்கொண்டது.
மூன்றாவது ஆள் நாச்சிமுத்து, எஸ்.
இருநூற்றுப் பதினாறு.

இனிஷியலை விரித்து எழுதச் சொன்னது
கடல்தாண்டி ஓர் இதழ். எழுதினேன்.
அவர்கள் ஊர் வழக்கப்படி
என்னைச் சுருக்கிப் பின்னால் தள்ளி
எங்கய்யனை முன்னால் வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பஞ்சுத் தூசியும் நுரையீரலும்
அவர் பேரில் நடக்கிறது.
சாவோ பாலோவில் ஒருவர்
"நாச்சிமுத்து மற்றும் பிறர் காட்டியபடி" என்கிறார்.
எத்தியோப்பியாவில் ஒரு மாணவி
நாச்சிமுத்துவின் முறையைக் கொஞ்சம் மாற்றி அளந்திருக்கிறாள்.
டாக்காவில் ஒருவர் படிக்காமலே சுட்டியிருக்கிறார்:
நாங்கள் சொல்லவே சொல்லாத ஒன்றுக்கு
அடைப்புக்குறிக்குள் எங்கய்யன் சாட்சி.
அவர் கையெழுத்துப் பழகியதே
சம்பளப் பட்டியலுக்காக. அதிலும்
ச்-சுக்குப் புள்ளி வைக்க மாட்டார்.

மற்றும் பிறரில் ஒருவர்
மில் பக்கமே வராத துறைத்தலைவர்.

பல்லடம் ரோட்டில் நான்கு மில்,
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஞாயிறு லீவு முடிந்து நெஞ்சை அடைக்கும் திங்கட்கிழமை,
ஷிப்டுக்கு முன்னால் ஓர் ஊது, பின்னால் ஓர் ஊது.
ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்த காற்று
தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.
"இத்தன காத்து வெளியில சும்மா கெடக்குது,
எங்கிட்ட வந்து கேக்கறயே கண்ணு"
என்றாள் கார்டிங்கில் நின்ற மாராத்தாள், எண் 88.
இரண்டாம் ஊதலுக்கு அவள் வரவில்லை.
மூன்றாம் அட்டவணையில், கீழே, சிறிய எழுத்தில்
விடுபட்டோர்: ஒன்று.

ப்ளோ ரூமிலிருந்து வந்து அய்யனும் ஊதினார்,
தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டாமலே.
ரத்த உறவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது
நெறிமுறைக் குழு. சரிதான்.
எண் 313-ஐச் சிவப்பு மையில்
நானேதான் அடித்தேன்.

மூன்று பேரையும் ஒன்றாக்கச் சொல்லிப்
போன மாதம் எழுதினேன். இன்று பதில்:
"நீங்களும் நாச்சிமுத்துவும் ஒரே நபர் என்பதற்குச்
சான்று இணைக்கவும்."
பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார்.
"அந்த நாச்சிமுத்து சார் இப்ப எந்தக் காலேஜுங்?"
பழைய ஸ்டாஃபுங்க, என்றேன்.
"ரிட்டையர்டா?"
ஆமாங்க.

பீரோவின் அடித்தட்டில் அந்தத் தாள் இருந்தது.
ஊதியவர்: நாச்சிமுத்து, வயது 57.
ஒரு வினாடிக்கு 1.4 லிட்டர்.
அளந்தவர்: சிவபாக்கியம்.
குறுக்கே சிவப்புக் கோடு.
நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருக்கும் தாள்
என்னிடம் வேறு இல்லை.
ஆனால் இது
இரண்டு பேர் என்பதற்கல்லவா சான்று.

ஐந்து மணிக்குள் படிவம் போயாக வேண்டும்.
எழுத்தால், என்ற இடத்தில்
நாற்பது என்று எழுதினேன்.
மின்விசிறி பக்கத்தைத் தூக்கிப் பார்த்தது.
கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்துவிட்டு
வொயிட்னர் இருக்குதுங்களா என்று கேட்டேன்.
"அதெல்லாம் ஆகாதுங் மேடம்" என்றார் பொன்னுரங்கம்.
"வேணும்னா புதுப் பாரம் தாரனுங்."