மூணாவது திருகு

கிழிந்தது காவேரிப்பட்டணத்தில்,
மாப்பிள்ளை மேடையேறிய நேரம்.
ஸ்நேரின் நடுவில் ஒரு நாக்கு நீளத்துக்கு
வாய் திறந்தது பிளாஸ்டிக்.
மிச்சம் ஒன்பது பாட்டை விளிம்பில் தட்டியே ஒப்பேற்றினேன்.
சத்தம் போதவில்லை என்று
திம்மராயன் இருநூறு பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ்.
ஓசூர் தாண்டும்வரை நின்றுகொண்டே
மனசுக்குள் வட்டம் போட்டேன்:
பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, இருபத்திரண்டு.
பையில் இருந்தது
இரண்டரை வட்டத்துக்கான பணம்.

கடைக்காரர் கேட்டார்,
பூச்சு போட்டதா, கண்ணாடி மாதிரியா?
ஒற்றையா, இரட்டையா?
எங்கே வாசிக்கிறாய்?
கல்யாண மண்டபம், திருவிழாத் திடல்,
ஒருமுறை குவாரி முதலாளி வீட்டுக் காதுகுத்து.
"அப்போ இரட்டை வாங்கு. அடி தாங்கும். ஆனா பேசாது."
ஒற்றை?
"பேசும். ஆறு மாசம்."

தோல் என்றுதான் இன்னும் சொல்கிறோம்.
எந்த மாட்டுக்கும் இதில் பங்கில்லை.
பாலியஸ்டர். என் சட்டைக்குப் பங்காளி.

ஸ்நேருக்கு ஒற்றை, வெள்ளைப் பூச்சு.
பன்னிரண்டுக்கு இரட்டை.
பாஸ் டிரம்முக்கு
பழையபேட்டை பஞ்சர் கடையில்
ட்யூப் ஒட்டும் பட்டை.

வளையத்தைக் கழற்றினால்
மூன்று வருஷத்துக் கல்யாணங்கள் உள்ளே:
ஜிகினா, குச்சித் தூள்,
யார் தலைக்கோ போகவேண்டிய ஒரு மஞ்சள் அரிசி.
பழைய பனியனால் விளிம்பைத் துடைத்தேன்.
முதலில் விரலால்; பிறகு சாவியால்.
ஒன்று, அதற்கு நேரெதிர், ஒன்று, நேரெதிர்.
லாரிக்கு டயர் மாட்டுகிறவனுக்கு இது தெரியும்.
உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்த
மளுக்கென்று பசை விட்டது.

அது கேட்டது எனக்கு.
அதைவிட மெல்லியது எதுவும் கேட்காது.
பதினோரு வருஷம் கல்லறுக்கும் பிளேடுக்குப் பக்கத்தில் நின்ற வலது காது
கொசுவை, கொலுசை,
மகள் கிசுகிசுப்பதை
பர்கூர் ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தது.
இடது காது
அதை அனுசரித்துப் போகிறது.

அதனால் ஒரு பிடி ராகி தூவினேன்.
பக்கத்தில் பெரிய டாமை அடித்தால்
தானியம் துள்ளிப்போய்க் கோடு கட்டும்.
கோடு வட்டமானால் சுருதி சரி.
வட்டமாகவில்லை.
மழை வந்த போச்சம்பள்ளிச் சந்தை மாதிரி
ஒரே பக்கம் ஒதுங்கியது.

நாகவேணி களிக்கரண்டியோடு வந்தாள்.
"திங்கிறதை ஏன் அதுக்குக் கொட்றே?"
மாங்கூழ் ஃபேக்டரியில் ருசி பார்க்கிற வேலை அவளுக்கு.
அவள் பார்ப்பதும் டிரம்தான்,
வரிசையாய், நீல நிறத்தில்.
ஒரு சொட்டு நாக்கில் பட்டால்
எந்த லோடு, எத்தனை நாள் வெயில் என்பாள்.

இன்னொரு முறை சுற்றித் தட்டினேன்.
"அந்த மூணாவது திருகு புளிக்குது."
எது மூணாவது?
"நீ எங்கிருந்து எண்ணுவியோ. இது."
கரண்டிக் காம்பால் தொட்டாள்.

கால் சுற்று.
"இன்னும் காய்."
அரைக்கால்.
"ம்."
அடுத்தது?
"இது கனிஞ்சு அழுகிப்போச்சு, இறக்கு."

பத்துத் திருகும் பழுப்பதற்குள்
களி அடிபிடித்துவிட்டது.
கருகிய இடத்தை எனக்கே வைத்தாள்.

சனிக்கிழமை பர்கூரில் வரவேற்பு.
ஒற்றைத் தோல் பேசியது.
என்ன பேசியதென்று முன்வரிசைக்குத் தெரிந்திருக்கும்.
சவுண்டு சர்வீஸ் பையன்
எல்லாவற்றுக்கும் மேலே எதிரொலியைக் கவிழ்த்துவிட்டான்.
நாலாம் பாட்டு முடிகையில்
ஏதோ ஒரு திருகு தளர்ந்தது
குச்சி வழியாக மணிக்கட்டுக்கு வந்தது.
எது என்று தெரியவில்லை.

போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து,
ஸ்நேர் மேல் பிடித்தேன். ஒரு அடி.
"என்ன இரைச்சல். இன்னொண்ணு."
ஒரு அடி.
"பக்கத்துல கொண்டு போ."
ஒரு அடி.
"ம், அந்தாண்ட பக்கம்."
ஒரு அடி.

நாலையும் எண்ணிக்கொண்ட கீபோர்டு மாதேஷ்
அடுத்த பாட்டை எடுத்துவிட்டான்.